எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ். (சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: நேற்று இரவு வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர், காலையில் பட்டனை அழுத்தினால் அசையவே இல்லை. ஃபேன் சுற்றவில்லை, விளக்கும் எரியவில்லை. எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும், புதிதாக வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். வாங்கிவிடலாமா?

பொறுங்கள். பத்து நிமிடம் செலவழித்தால் அது உண்மைதானா என்று தெரிந்துவிடும்.

முதலில் பிளக் பாயிண்டில் வேறு ஏதாவது ஒரு விளக்கைச் செருகி எரிகிறதா பாருங்கள். பிறகு பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். மானிட்டருக்குப் போகும் கார்டும் பெரும்பாலும் அதே வகைதான். எஸ்.எம்.பி.எஸ். பின்பக்கத்தில் உள்ள சிறிய சுவிட்ச், கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும்; வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆஃப். கேபினெட்டைத் துடைக்கும்போது கைபட்டு இது அணைந்துபோவது சாதாரணம்.

அடுத்து, கேபினெட்டைத் திறந்து மதர்போர்டைப் பாருங்கள். பல போர்டுகளில் பட்டனை அழுத்தாதபோதும் ஒரு சிறிய விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அது எரிந்தால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஸ்டாண்ட்பை பகுதி (கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் சிறிதளவு மின்சாரம் தரும் பகுதி) உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது சந்தேகம் முதலில் பட்டன் மேல்தான் விழ வேண்டும். முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் இரண்டு மெல்லிய வயர்கள் போர்டில் செருகியிருக்கும் இடத்தைப் போர்டின் கையேட்டில் பார்த்து, அந்த வயர்களைக் கழற்றிவிட்டு, இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கம்ப்யூட்டர் கிளம்பிவிட்டால் கெட்டது பட்டன்தான், எஸ்.எம்.பி.எஸ். அல்ல.

விளக்கே எரியவில்லை என்றால், கார்டைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை 10 நொடி அழுத்திப் பிடியுங்கள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி செருகுங்கள். ஏதோ ஒரு அதிர்வில் பாதுகாப்புச் சுற்று வேலைசெய்து பூட்டிக்கொண்டிருந்தால் இதிலேயே விடுபட்டுவிடும்.

அதற்கும் மசியவில்லையா? மல்டிமீட்டரை எடுங்கள். கார்டைப் பிடுங்கி, போர்டிலிருந்து 24 பின் கனெக்டரைக் கழற்றி, மறுபடி கார்டைச் செருகுங்கள். ஊதா வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே 5 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது, விவாதமே இல்லை. கழற்றியிருக்கும்போது 5 வோல்ட் இருக்கிறது, போர்டில் செருகினால் மட்டும் கீழே விழுந்துவிடுகிறது என்றால் இரண்டில் ஒன்று: போர்டில் ஷார்ட் இருக்கிறது, அல்லது ஸ்டாண்ட்பை பகுதி தளர்ந்துபோயிருக்கிறது. இதைப் பிரித்தறிய 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போதும். கனெக்டரைக் கழற்றிய நிலையில் ஊதாவுக்கும் கறுப்புக்கும் இடையே அதை இணைத்தால் அரை ஆம்பியர் ஓடும். அந்தச் சிறு லோடிலேயே வோல்டேஜ் 4.75-க்குக் கீழே இறங்கினால் எஸ்.எம்.பி.எஸ்.தான் குற்றவாளி. தாங்கி நின்றால் போர்டைப் பாருங்கள். ரெசிஸ்டர் சூடாகும், விரலால் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே, "நாலைந்து தடவை அழுத்தினால்தான் ஆன் ஆகிறது, ஒருமுறை ஆனால் நாள் முழுக்க ஓடுகிறது" என்ற கதை இருந்ததா? ஸ்டாண்ட்பை பகுதியின் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) உலர்ந்துபோனால் இப்படித்தான் ஆகும். சூடேறியதும் அதன் உள்தடை குறைவதால் வேலைசெய்யும், குளிர்ந்தால் மறுபடி மக்கர்.

கேள்வி: 24 பின் கனெக்டரின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் இணைத்துப் பார்த்தேன். ஃபேன் சுற்றியது. அப்படியென்றால் எஸ்.எம்.பி.எஸ். நன்றாகத்தானே இருக்கிறது?

கிளம்புகிறது என்று மட்டும் தெரிகிறது, அவ்வளவுதான். எந்த லோடும் இல்லாமல் கிளம்புவது பெரிய விஷயமில்லை. ஃபேன் சுற்றவில்லை என்பதாலேயே செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. லோடு குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தியே வைக்கும் மாடல்கள் இப்போது நிறைய.

கம்ப்யூட்டர் ஓரளவாவது கிளம்பும் என்றால், எல்லாவற்றையும் இணைத்த நிலையிலேயே அளந்து பாருங்கள். கனெக்டரின் பின்பக்கத்தில், வயர் உள்ளே போகும் துளை வழியாக மீட்டரின் சிவப்பு முனையை நுழைக்கலாம். கறுப்பு முனையைக் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வையுங்கள். மஞ்சள் வயரில் 11.40 முதல் 12.60 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம். நீல வயர் மைனஸ் 12 வோல்ட்; அதற்கு 10 சதவீதம் வரை சலுகை உண்டு. எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். சும்மா இருக்கும்போது 12.1 காட்டும் மஞ்சள் வயர், கனமான வேலை கொடுத்ததும் 11.5-க்கு இறங்கினால், எல்லைக்குள் இருந்தாலும் அது ஓய்வுக்குக் காத்திருக்கிற எஸ்.எம்.பி.எஸ்.

பலரும் மறந்துவிடுவது சாம்பல் நிற வயரை. கிளம்பியபின் 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் அதில் சுமார் 5 வோல்ட் வர வேண்டும். "எல்லா வோல்டேஜும் சரி, நீ ஆரம்பிக்கலாம்" என்று போர்டுக்கு எஸ்.எம்.பி.எஸ். சொல்லும் சைகை அதுதான். அது வராவிட்டால் போர்டு ரீசெட்டிலேயே உட்கார்ந்திருக்கும். ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும், திரையில் ஒன்றுமே வராது.

வயர்கள் எல்லாமே கறுப்பாக இருந்தால் என்ன செய்வது என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். கனெக்டரைக் கழற்றி, கார்டைச் செருகி, ஸ்டாண்ட்பை நிலையில் அளந்து பாருங்கள். 24 பின்களில் இரண்டில்தான் வோல்டேஜ் இருக்கும். பூட்டும் கிளிப் உள்ள வரிசையில் வோல்டேஜ் காட்டுவது பச்சை வயருக்குரிய பின், அதாவது 16-வது பின். எதிர் வரிசையில் காட்டுவது ஊதா வயருக்குரிய 9-வது பின். பிந்தையதைத் தரையோடு (0 வோல்ட் வயரோடு) ஷார்ட் செய்துவிடக் கூடாது. ஆகவே அளக்காமல் கம்பியைச் செருகவே செருகாதீர்கள்.

மல்டிமீட்டருக்கும் எட்டாத ஒன்று உண்டு: ரிப்பிள். நேர்மின்னோட்டத்தின் மேல் ஏறி நிற்கும் அலை. 12 வோல்ட்டில் 120 மில்லி வோல்ட், 5 மற்றும் 3.3 வோல்ட்டில் 50 மில்லி வோல்ட் வரைதான் அனுமதி. கெப்பாசிட்டர் தேய்ந்தால் இது பல மடங்காகும். மீட்டரோ அப்போதும் அழகாக 12.0 காட்டும். ஆசிலோஸ்கோப் (அந்த அலையைத் திரையில் காட்டும் கருவி) இல்லாதவர்களுக்கு ஒரே வழி, நன்றாக ஓடும் இன்னொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டிப் பார்ப்பதுதான்.

கேள்வி: சாதாரண வேலைக்கு எந்தத் தொல்லையும் இல்லை. கேம் விளையாட ஆரம்பித்தால் மட்டும் பட்டென்று அணைந்து மறுபடி ஆன் ஆகிறது. விண்டோஸ் பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்று வருகிறது. எஸ்.எம்.பி.எஸ். கோளாறு என்று விண்டோஸே சொல்கிறதே?

விண்டோஸ் அப்படிச் சொல்லவில்லை. ஒழுங்காக மூடப்படாமல் கம்ப்யூட்டர் நின்றுபோனது என்பதைத்தான் 41 குறிக்கிறது. நீங்களே பிளக்கைப் பிடுங்கினாலும் அதே எண்தான் வரும். அந்தப் பதிவைத் திறந்து, பக்செக் கோடு என்ற இடத்தில் 0 இருக்கிறதா என்று பாருங்கள். 0 என்றால் நீலத்திரைப் பிழை எதுவும் பதிவாகவில்லை, கரண்டே போன மாதிரி நின்றிருக்கிறது. சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். பக்கம் சாயும்.

கிராஃபிக்ஸ் கார்டின் பெட்டியில் எழுதியிருக்கும் வாட் ஒரு சராசரி. மில்லி செகண்டுக்கும் குறைவான நேரத்துக்கு அது அதைப்போல இரண்டு மடங்குகூட இழுக்கும். தேய்ந்த அல்லது சிறிய எஸ்.எம்.பி.எஸ். அந்தத் திடீர் இழுப்பை ஷார்ட் என்று நினைத்துத் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும்.

சோதிக்க ஒரு எளிய வழி: கிராஃபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை மென்பொருளில் 70 சதவீதமாகக் குறைத்து, கேமில் நொடிக்கு 60 ஃபிரேம் என்று வரம்பு வைத்து விளையாடிப் பாருங்கள். அணைவது நின்றுவிட்டால் காரணம் பவர்தான். புதிதாக வாங்குவதற்கு முன் ஒன்று மட்டும் கவனியுங்கள்: கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்து, ஒரே கேபிளின் இரட்டைத் தலையை இரண்டிலும் செருகியிருக்கிறீர்களா? தனித்தனி இரண்டு கேபிளாக மாற்றுங்கள். செலவில்லாமல் முடிந்துவிடக்கூடும்.

கேள்வி: பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம்.

எங்கோ ஷார்ட், எஸ்.எம்.பி.எஸ். தன் கடமையைச் செய்கிறது. பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, முதலில் ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி.களின் பவர் கேபிள்களைக் கழற்றுங்கள். ஒரே ஒரு டிஸ்கின் பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆனாலே முழுக் கம்ப்யூட்டரும் கிளம்பாது. பிறகு கிராஃபிக்ஸ் கார்டு. பிறகு பிராசஸருக்கான 8 பின். ஒவ்வொன்றைக் கழற்றிய பிறகும் ஒரு நிமிடம் விட்டுப் பட்டனை அழுத்துங்கள். உடனே அழுத்தினால் பாதுகாப்புப் பூட்டு விடுபட்டிருக்காது, தவறான முடிவுக்கு வருவீர்கள். பிராசஸரின் 8 பின்னைக் கழற்றியதும் ஃபேன்கள் தொடர்ந்து சுற்றினால், போர்டில் பிராசஸருக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட்களில் (சுவிட்ச் போல வேலைசெய்யும் பாகங்கள்) ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும். அதற்குப் புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கிப் பயனில்லை.

ஒன்று சொல்ல வேண்டும்: நன்றாக ஓடும் சில எஸ்.எம்.பி.எஸ்.களிலும் ஆன் செய்யும்போது 'டிக்' கேட்கும். அது உள்ளே இருக்கும் ரிலே. கிளம்பிவிட்டால் பயப்பட வேண்டாம்.

கேள்வி: உள்ளே ஒரு ஃபியூஸ் இருக்கிறதாமே, அதை மட்டும் மாற்றினால் போதாதா? வீங்கிய கெப்பாசிட்டரை நானே மாற்றலாமா?

ஃபியூஸ் தானாகப் போவதில்லை. பிரிட்ஜ் டயோடோ (வரும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாகத் திருத்தும் பாகம்) முதன்மைப் பக்க மாஸ்ஃபெட்டோ ஷார்ட் ஆகி, அதனால்தான் ஃபியூஸ் போயிருக்கும். புது ஃபியூஸ் போட்டால் அடுத்த நொடியே அதுவும் போகும், இந்த முறை வெடியோடு.

கெப்பாசிட்டர் விஷயத்தில் ஆபத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 230 வோல்ட் மின்சாரத்தைத் திருத்தினால் உச்சம் 325 வோல்ட். பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பெரிய கெப்பாசிட்டரில் 380 முதல் 400 வோல்ட் வரை நிற்கும். பவர் கார்டைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கலாம். சுற்று கெட்டிருக்கும்போது அதை வடிக்க வேண்டிய ரெசிஸ்டரும் கெட்டிருக்கக்கூடும். டிவி, இன்வெர்ட்டர் போர்டுகளைப் பழுதுபார்த்துப் பழகியவர் செய்யலாம். யூடியூபில் பார்த்துவிட்டுச் செய்கிற வேலை இது இல்லை.

செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வீங்கியதை மட்டும் மாற்றாதீர்கள். அதன் பக்கத்தில் அதே சூட்டில் இருந்தவையும் அதே வயசுதான். 105 டிகிரி வெப்பம் தாங்கும், குறைந்த உள்தடை வகையாகவே போடுங்கள்.

கேள்வி: எத்தனை வாட் வாங்குவது? ஒருவர் 450 போதும் என்கிறார், இன்னொருவர் 850-க்குக் குறைந்து வாங்கவே கூடாது என்கிறார்.

இருவரும் உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்டார்களா? கணக்கு எளிது. ரைசன் 5 5600 பிராசஸரும் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த பிராசஸரின் பெட்டியில் 65 வாட் என்றிருந்தாலும் அது இழுக்க அனுமதிக்கப்பட்ட உச்சம் 76 வாட். கார்டு 170 வாட். போர்டு, ராம், ஒன்றிரண்டு டிஸ்க், ஃபேன்கள் எல்லாம் சேர்த்து 50 வாட் போடுங்கள். மொத்தம் 296. கார்டின் திடீர் இழுப்புக்கும் வருங்காலத் தேய்மானத்துக்கும் இடம்விட்டு 550 வாட் எடுத்தால் நிறைவு. என்விடியா அந்தக் கார்டுக்குச் சொல்வதும் அதே 550தான்.

பிராசஸரில் ஏமாந்துவிடாதீர்கள். இன்டெல் ஐ5 13400-இலும் 65 வாட் என்றுதான் இருக்கும். டர்போவில் அது 148 வரை போகும். ஆர்.டி.எக்ஸ். 3080 மாதிரி 320 வாட் கார்டு என்றால் 750-க்குப் போங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத வீட்டு, அலுவலகக் கம்ப்யூட்டருக்கு நல்ல தரமான 400 அல்லது 450 வாட்டே தாராளம். அங்கே 850 போடுவதில் ஒரு லாபமும் இல்லை. பெரிய எஸ்.எம்.பி.எஸ். போட்டால் கரண்ட் பில் எகிறும் என்ற பயமும் வேண்டாம். கம்ப்யூட்டர் கேட்பதைத்தான் அது கொடுக்கும்.

உண்மையில் சண்டை போட வேண்டிய எண் இது இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் இழுப்பது ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டில்தான். ஆகவே 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, 12-ஆல் பெருக்குங்கள். நல்ல 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 45 ஆம்பியர் போல இருக்கும், 540 வாட். வெளியே கொட்டை எழுத்தில் 500 வாட் என்று போட்டுவிட்டு, அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர் மட்டும் காட்டினால், உங்களுக்குக் கிடைக்கப்போவது 240 வாட். மீதியை யாரும் தொடாத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கொட்டி வைத்திருப்பார்கள். 12 வோல்ட் இரண்டு மூன்று வரிசையாகப் பிரித்துப் போட்டிருந்தால் அவற்றைக் கூட்டாதீர்கள். 'மொத்தம்' என்று கீழே தனியாக ஒரு எண் இருக்கும், அதுதான் கணக்கு. அப்படி ஒரு எண்ணே இல்லாத, அட்டவணையே இல்லாத எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எஸ்.எம்.பி.எஸ். மேல் பிரான்ஸ் (Bronze), கோல்டு என்றெல்லாம் இருக்கிறதே, கோல்டு வாங்கினால்தான் பாதுகாப்பா?

இவை 80 பிளஸ் என்ற முத்திரையின் படிகள். அந்த முத்திரை சொல்வது ஒன்றே ஒன்று: சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகிறது என்பது. 115 வோல்ட் சோதனையில் பிரான்ஸ் என்றால் 20, 50, 100 சதவீத லோடில் முறையே 82, 85, 82. கோல்டு என்றால் 87, 90, 87. அதாவது 300 வாட் வேலைக்குப் பிரான்ஸ் சுவரிலிருந்து சுமார் 353 வாட் எடுக்கும், கோல்டு 333. வித்தியாசம் 20 வாட், ஒரு எல்.ஈ.டி. டியூப்லைட் அளவு. நாள் முழுக்கக் கனமான வேலை ஓடும் இடத்தில் இது கணிசம். மாலையில் இரண்டு மணி நேரம் பயன்படுத்துபவருக்கு அற்பம்.

ரிப்பிள் எவ்வளவு, பாதுகாப்புச் சுற்றுகள் இருக்கின்றனவா, 45 டிகிரி வெப்பத்திலும் முழு வாட் தருமா என்பதைப் பற்றி அந்த முத்திரை வாயே திறப்பதில்லை. நடைமுறையில் கோல்டு தரத்தை எட்ட நல்ல வடிவமைப்பு தேவைப்படுவதால் அவற்றில் நல்லவை அதிகம் என்பது உண்மை; ஆனால் மோசமான கோல்டும் உண்டு, அருமையான பிரான்ஸும் உண்டு. வாங்கும் முன் பாதுகாப்புப் பட்டியலைப் பாருங்கள். அதிக வோல்டேஜ், குறைந்த வோல்டேஜ், அதிக மின்னோட்டம், அதிக பவர், ஷார்ட், அதிக வெப்பம் ஆகிய ஆறும் இருக்க வேண்டும். மலிவானவற்றில் கடைசியாகச் சொன்ன வெப்பப் பாதுகாப்பைத்தான் முதலில் வெட்டுவார்கள். ஃபேன் நின்றுபோன நாளில் அந்த வெட்டின் அருமை தெரியும்.

வாரண்டி ஆண்டுகளும் நல்ல அடையாளம். 7 அல்லது 10 ஆண்டு தரும் கம்பெனி, உள்ளே 85 டிகிரி கெப்பாசிட்டர் போட்டுவிட்டுத் தூங்க முடியாது.

கேள்வி: பழைய மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய) எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிள்கள் கேபினெட்டுக்குள் அழகாகக் கட்டியிருக்கின்றன. அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் புது பெட்டியை மட்டும் மாட்டலாமா? இரண்டும் ஒரே கம்பெனிதான்.

மாட்டவே மாட்டாதீர்கள். போர்டு பக்கத்துக் கனெக்டருக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்தில் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பது கம்பெனியின் இஷ்டம், ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கிடையிலேயே மாறும். பிளக் சரியாகப் பொருந்தும், கிளிப்பும் 'க்ளிக்' என்று பூட்டும். டிஸ்கின் 5 வோல்ட் இடத்தில் 12 வோல்ட் போய் இறங்கும். டிஸ்க் போனால் போகட்டும், அதிலிருக்கும் படங்களுக்கும் கணக்குகளுக்கும் யார் பதில் சொல்வது? அரை மணி நேரம் ஆனாலும் பழைய கேபிள் அனைத்தையும் உருவி எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போடுங்கள். உருவியதைப் பழைய பெட்டியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். தனியாகக் கிடந்தால் அடுத்த முறை வேறு யாராவது செருகுவார்கள்.

இதே வகைத் தவறு இன்னொன்று: பிராசஸருக்கான 8 பின்னும் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் பார்வைக்கு அண்ணன் தம்பி. ஒன்றில் 12 வோல்ட் இருக்கும் பக்கத்தில் மற்றொன்றில் தரை. பிராசஸருடையது 4+4 என்று பிரியும், கார்டுடையது 6+2 என்று பிரியும். பலம் கொடுத்துத் திணிக்க வேண்டியிருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் கழித்துக்கட்டிய சின்ன பிராண்டட் டெஸ்க்டாப் ஒன்று வாங்கினேன். அதன் எஸ்.எம்.பி.எஸ். ஒல்லியாக நீளமாக இருக்கிறது. வேறு எதையாவது மாட்ட முடியுமா?

முதலில் ஸ்கேலை எடுங்கள். சாதாரண அளவான ஏ.டி.எக்ஸ். 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம், 140 மி.மீ. நீளம். எஸ்.எஃப்.எக்ஸ். 125, 63.5, 100. உங்களுடையது 85-க்கு 65 என்ற முகப்போடு 175 மி.மீ. போல நீண்டிருந்தால் டி.எஃப்.எக்ஸ். அதைவிட ஒல்லியாக 81.5-க்கு 40.5 என்றிருந்தால் ஃப்ளெக்ஸ். அளவு இதில் ஒன்றோடு ஒத்துப்போனாலும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், கனெக்டரைப் பாருங்கள். 24 பின் இல்லாமல் 6, 8, 10, 14 என்று ஏதாவது ஒரு பின் எண்ணிக்கை இருந்தால் அது கம்பெனியின் சொந்த அமைப்பாகவோ, 12 வோல்ட் மட்டும் தரும் 10 பின் வகையாகவோ இருக்கும். அந்த 10 பின் வகையில் 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் மதர்போர்டே உருவாக்கிக்கொள்கிறது, ஸ்டாண்ட்பையும் 12 வோல்ட். அதில் சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸை வெறும் வயர் மாற்றி இணைத்தால் ஓடாது.

பழைய எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் உள்ள பார்ட் எண்ணைக் கொண்டு அதே பார்ட்டையோ, அதே எண்ணுக்கு மாற்று என்று விற்பதையோ தேடுங்கள். இந்த வகையில் பழையதை வாங்குவதைத் தவிர்க்க முடியாமல் போகலாம். மற்றபடி, எத்தனை ஆண்டு ஓடியது என்று தெரியாத செகண்ட் ஹேண்ட் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: புதிய கார்டில் 16 பின் சாக்கெட் ஒன்றுதான் இருக்கிறது. எரிந்துபோகும் என்கிறார்களே?

முதலில் வந்த 16 பின் கனெக்டர்கள் உருகியதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, முழுதாக உள்ளே போகாமல் நிற்பது. அதில் 600 வாட் வரை, அதாவது 50 ஆம்பியர், ஆறு சின்னப் பின்களில் ஓடுகிறது. ஒன்றிரண்டு சரியாகத் தொடாவிட்டால் மற்றவை சுமக்கும், சூடாகும். பின்னர் வந்த 12வி-2x6 என்ற திருத்தப்பட்ட சாக்கெட்டில், கண்காணிக்கும் சிறு பின்களை 1.5 மி.மீ. குட்டையாக்கி, மின்சாரம் ஓடும் பின்களை 0.25 மி.மீ. நீளமாக்கினார்கள். அரைகுறையாகச் செருகினால் கார்டு பவரே எடுக்காது.

செருகியதும் இடைவெளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கனெக்டரிலிருந்து 35 மி.மீ. வரை கேபிள் நேராக வர வேண்டும், அதற்கப்புறம்தான் வளைவு. கேபினெட்டின் பக்கக் கண்ணாடி அதை அழுத்தினால் கேபினெட் போதவில்லை என்று அர்த்தம். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு அடாப்டர் போடுபவர்கள் அதன் ஒவ்வொரு 8 பின்னுக்கும் தனிக் கேபிள் கொடுங்கள். ஏ.டி.எக்ஸ். 3.0 அல்லது 3.1 தரம் என்று இருப்பதைப் புதிதாக வாங்கினால் அடாப்டரே வேண்டாம். அவை மதிப்பிட்ட வாட்டைப்போல இரண்டு மடங்கு இழுப்பை 100 மைக்ரோ செகண்டு தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை.

கேள்வி: எஸ்.எம்.பி.எஸ். மாற்றிய பிறகு கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. புதுசே கெட்டதா?

கெட்டது உங்கள் எர்த். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவில் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் உலோக உடலுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அதன் வழியே வரும் சொற்பக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட் மின்சாரத்தின் பாதி வோல்டேஜில் மிதக்கும். 230-க்குச் சுமார் 115. மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் இருக்கிறது. ஆனாலும் அந்த நிலையில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகிப் பிடுங்கினால் போர்ட் போகக்கூடும். தவிர, நாளை உள்ளே உண்மையான ஷார்ட் ஏற்பட்டால் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

பிளக் பாயிண்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வரும் அதே எண் வர வேண்டும். 60, 90 என்று அலைந்தால் எர்த் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த்தையும் நியூட்ரலையும் பிளக்குக்குள்ளேயே சேர்த்துவிடும் 'தீர்வை' யாராவது சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். நியூட்ரல் வயர் ஒருநாள் அறுந்தால் கேபினெட்டில் முழு ஃபேஸும் வந்து நிற்கும்.

கேள்வி: முன்பெல்லாம் கரண்ட் போனால் யு.பி.எஸ். தாங்கும். இப்போது கரண்ட் போன உடனே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. யு.பி.எஸ். பேட்டரி புதுசுதான்.

அப்படியென்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெரிய கெப்பாசிட்டர் மேல் சந்தேகம் வையுங்கள். சாதாரண யு.பி.எஸ். பேட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லி செகண்டு எடுக்கும். அந்த இடைவெளியை அந்தக் கெப்பாசிட்டரில் சேர்ந்திருக்கும் மின்சாரம்தான் இட்டு நிரப்புகிறது. முழு லோடில் 16 மில்லி செகண்டு தாங்க வேண்டும் என்பது நெடுநாளைய அளவு. வயதாக ஆக அது சுருங்கும். யு.பி.எஸ்.ஸின் மேல் எழுதியிருப்பது வி.ஏ. எண், வாட் அல்ல என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 600 வி.ஏ. என்பது பெரும்பாலும் 360 வாட்தான்.

கேள்வி: புதியது வாங்கிவிட்டேன். மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது? பழையது வெடிச் சத்தத்தோடு போனது, மற்றவை என்ன ஆயிருக்கும் என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். அதனால் டிஸ்க்குகளைக் கடைசியில் இணையுங்கள். முதலில் 24 பின், பிராசஸரின் 8 பின், ஒரே ஒரு ராம் மட்டும். போர்டில் திரைக்கான சாக்கெட் இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டாம். பயாஸ் திரை வந்ததும், வெறுமனே தொங்கும் டிஸ்க் பவர் கனெக்டர் ஒன்றில் 12, 5 வோல்ட்டை அளந்து உறுதிசெய்யுங்கள். பிறகு அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கி, முக்கியமில்லாத டிஸ்க் ஒன்று இருந்தால் அதை முதலில் கொடுத்துப் பாருங்கள். வார்ப்பு வகை மோலெக்ஸ்–சாட்டா மாற்றிகளை (பழைய 4 பின் பவர் கனெக்டரை இன்றைய டிஸ்க் பவர் கனெக்டராக மாற்றுபவை) பயன்படுத்தாதீர்கள். அச்சில் வார்த்த அந்தத் தலைக்குள் வயர்கள் நகர்ந்து ஷார்ட் ஆகித் தீப்பிடித்தவை நிறைய.

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் வரவில்லை என்றால் பதறாமல் பிராசஸரின் 8 பின்னைப் பாருங்கள். போர்டின் மூலையில் ஒளிந்திருப்பதால் அதிகம் மறக்கப்படுவது அதுதான்.

எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டின் அடியில் உட்காருவதாக இருந்து, அடியில் வலையும் இருந்தால் ஃபேன் கீழ்நோக்கி இருக்கட்டும். கேபினெட்டைக் கம்பளத்தின் மேலோ மெத்தை விரிப்பின் மேலோ வைப்பவர்கள் மட்டும் மேல்நோக்கி மாட்டிக்கொள்ளுங்கள். அப்போது, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு மேலே மூடி இல்லாத கேபினெட்டில் ஸ்க்ரூ ஏதும் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள வலையை மாதம் ஒருமுறை உருவித் தட்டினால் போதும்.